நெயில் பாலிஷ் கோடு

ஆகஸ்ட் 28, வியாழன்

அட்டை கடித்த இடமெல்லாம் இன்னும் அரிக்கிறது. உப்புப் பொட்டலம் எடுத்துப் போக இன்றைக்கும் மறந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரிக்கு உப்பு மறந்துபோகிறது என்றால் ஊரில் சிரிப்பார்கள்.

களக் குறிப்பேட்டில் எண்கள் மட்டும்தான் இருக்க வேண்டும், புலம்பல் கூடாது என்பது என் கைடு நஞ்சுண்டன் சாரின் சட்டம். ஆகவே புலம்பல் இங்கே.

முதல் புலம்பல்: ஃபெல்லோஷிப் அக்டோபரோடு முடிகிறது. நிலச்சரிவு ஆராய்ச்சி என்று சொல்லி நாலு வருஷம் உதவித்தொகை வாங்கித் தின்றாகிவிட்டது, ஆய்வேடு முடிந்தபாடில்லை. கமிட்டி மனது வைத்தால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். வைக்காவிட்டால் கோயம்புத்தூர் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு உடன்குடிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அங்கே அம்மா ஒரு டைல்ஸ் கடைக்காரரைப் பார்த்து வைத்திருக்கிறாள். "ஏட்டி பிரம்மசக்தி, மண்ணப் பாத்தது போதும், மாப்பிள்ளையப் பாரு" என்று இன்றும் போனில் சொன்னாள். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கமிட்டிக்கு வேண்டியது ஒரே ஒரு எண். கோத்தகிரிக்குக் கீழே முள்ளிக்கொம்பை என்று ஒரு சரிவு, தேயிலைக்கு நடுவே கொஞ்சம் வீடுகள். ஒரே நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தச் சரிவு நழுவும்? இதுதான் என் ஆராய்ச்சி. மண்ணுக்குள் இரண்டு குழாய்கள் இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்று மண் நகர்ந்ததா என்று சொல்லும். மற்றது உள்ளே தண்ணீர் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று சொல்லும். வாரம் ஒரு நாள் போய் இரண்டையும் அளக்கிறேன். மழையை அளக்க ஒரு பிளாஸ்டிக் மழைமானி, அங்காயி அக்கா வீட்டுக்கு எதிரே, பாதைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் நிற்கிறது. தினமும் காலையில் அக்கா அதைப் பார்த்து எனக்குப் போன் செய்துவிடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நான் தூங்கிப்போய் போனை எடுக்காமல் இருந்ததுண்டு.

செப்டம்பர் 4, வியாழன்

அங்காயி அக்கா வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். இலங்கை மலையிலிருந்து வந்தவர்கள் கையில் அந்தச் சம்பலுக்கு ஒரு ருசி உண்டு, கண்ணில் தண்ணீர் வரும், கை நிற்காது. ஆனால் டீயில் இன்று என்னவோ மருந்து வாசனை. சொல்லவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் சிவனு டீ ஃபேக்டரியில் இரவு வாட்ச்மேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். என்னைப் பார்த்தாலே கிண்டல் பண்ண அவருக்கு வாய் அரிக்கும்.

"டீச்சரம்மா இன்னும் படிச்சுக்கிட்டா இருக்கீங்க?"

"ஆமாண்ணே."

"எங்க மவளுக்கும் ஸ்காலர்சிப் வந்துச்சு. பத்தாவதோட நிறுத்திட்டாங்க. உங்களுக்கு மட்டும் நிக்கவே மாட்டேங்குதே!"

"நிக்கப் போகுதுண்ணே, அக்டோபர்ல" என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். மண்சுவர் அடியில் தண்ணீர் ஊறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூங்கிலைச் சொருகிக் குடத்தில் விழும்படி செய்திருக்கிறார்கள். "ஊத்து வந்திருக்கு டீச்சரம்மா! இனிமே பைப்படிக்கு நடக்க வேணாம். ஒரு வருசமா லேசா கசிஞ்சுக்கிட்டு இருந்திச்சு, இப்பதான் நல்லா வருது. சாமி கண்ணத் தொறந்திருச்சு."

நல்ல விஷயம்தானே என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டு வாரமாகச் சொட்டு மழை இல்லை. அக்கா தினமும் "சைபர் டீச்சரம்மா" என்கிறார். குழாயில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் கத்தும் அளவு நாடாவை உள்ளே விட்டேன், போன வாரத்தைவிட மேலேயே கீச்சென்று கத்தியது. பாட்டரி போயிருக்கும் என்று மாற்றிப் போட்டேன். அதே இடத்தில் கத்தியது.

சரிவுக்கு மேலே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஏறிப் போனேன். கீழ்ப்பக்கம் தேயிலைச் செடிக்கு அடியில் மண் கொழகொழவென்று இருந்தது. தொட்டியிலிருந்து இறங்கும் பைப் மண்ணுக்குள்ளேயே எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் வாசனை அங்கேயும் அடித்தது. டீயில் வந்த வாசனை அதுதான்.

அது ஊற்று இல்லை. தொட்டித் தண்ணீர்.

பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரைக்கும் இதே யோசனை. எப்போதிலிருந்து ஒழுகுகிறது? ஒரு வருஷம் என்கிறார் அக்கா. ஒரு வருஷமாக மழையால் ஏறியது என்று நான் எழுதி வைத்த தண்ணீரில் எவ்வளவு மழை, எவ்வளவு தொட்டி? யாருக்கும் தெரியாது. அந்த அளவீடுகளைத் தூக்கிப் போட்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது! அக்டோபர் பதினைந்து கமிட்டி.

நான் மண் பார்ப்பவள், பிளம்பர் இல்லை. தொட்டியைப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மெஸ்ஸில் உப்புமா. சாப்பிடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நஞ்சுண்டன் சாரிடம் வரைபடத்தைக் காட்டினேன். மழை ஒரு பக்கம், தண்ணீர் மட்டம் ஒரு பக்கம். மழைக்காலப் புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக ஒரு கோட்டில் வந்தன. மழையில்லாத வாரங்களின் புள்ளிகள் மட்டும் மேலே சிதறிக் கிடந்தன.

"இதெல்லாம் என்னம்மா?" என்றார்.

"நாடா கொஞ்சம் கோளாறு சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனிதர். டிசம்பரில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் என்னைக் கரையேற்றிவிட வேண்டும் என்று தவிக்கிறார். "கருவிக் கோளாறுன்னா எடுத்துரும்மா. காரணம் எழுதி எடுத்துட்டா ஒண்ணும் தப்பில்ல. கமிட்டிக்கு முன்னாடி குழப்பிக்காத."

எடுத்துவிட்டேன். வரைபடம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் வந்தது. ஒரே நாளில் இருநூறு மில்லிமீட்டர். அதுவரை சரிவு தாங்கும்.

சாயங்காலம் ஃபீல்டு ஷூவைக் கழுவினேன். இரண்டு துணி ஊறப் போட்டேன். அறைத்தோழி பெட்ஸி, "மூஞ்சி ஏன்டீ இப்படி இருக்கு, மெயில் ஏதும் வந்துதா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். தலைவலிதான்.

அக்டோபர் 15, புதன்

கிடைத்துவிட்டது!! ஒரு வருஷம்!

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும், "இவ்வளவு சுத்தமான களத் தரவு எப்படிம்மா கிடைச்சுது?" என்று கேட்டார். பாராட்டுகிறாரா குத்துகிறாரா என்று புரியவில்லை. "அங்க மழை எடுக்கிற அம்மா ஒரு நாள்கூட விடமாட்டாங்க சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அந்த எண்ணை எழுதிக்கொண்டார். "இந்த வருசமே உபயோகப்படுத்திக்கறோம்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். டைல்ஸ் கடைக்காரருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாம். போகட்டும்.

பெட்ஸிக்கும் எனக்கும் பிரியாணி. பாதியில் வைத்துவிட்டேன், எண்ணெய் சரியில்லை.

அக்டோபர் 23, வியாழன்

முள்ளிக்கொம்பை ரேஷன் கடை முன்னால் கூட்டம். வி.ஏ.ஓ. பேசினார். மழை இருநூறைத் தொட்டால் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும், அளவை அங்காயி அம்மா பார்த்துச் சொல்வார், அவர் சொன்னால் கேட்க வேண்டும் என்றார். "அப்ப இனிமே அங்காயிதான் கலெக்டரு" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் பூராவும் சந்தோஷம்.

கூட்டம் முடிந்ததும், "இருநூறுங்கிறது எங்க வரும்னு ஒரு அடையாளம் வெச்சுக் குடுங்க டீச்சரம்மா, அவசரத்துல எண்ணத் தேடிக்கிட்டு நிக்க முடியாதுல்ல" என்று கேட்டார். என் பையில் பெட்ஸியின் நெயில் பாலிஷ் கிடந்தது. மழைமானியைச் சுற்றி இருநூறில் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். காய்கிற வரை அக்கா அதை ஊதிக்கொண்டே இருந்தார்.

கோடு கொஞ்சம் கோணல். குளிர்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் இப்போது இரண்டு இடத்தில் வருகிறது. பீன்ஸ் போட்டிருக்கிறார்கள், நன்றாக வந்திருக்கிறது. எனக்கும் ஒரு பை கொடுத்தார்கள்.

தொட்டியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்ததும் முதல் வேலை அதுதான். இப்போது சொன்னால், "எப்பருந்து தெரியும்?" என்று கேட்பார்கள்.

நவம்பர் 6, வியாழன்

மழை பிடித்துவிட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. போகவில்லை. அக்கா போன்: "நாப்பத்தஞ்சு. கோட்டுக்கு ரொம்ப தூரம் இருக்கு, நீங்க பயப்படாதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

நவம்பர் 13, வியாழன்

குழாயில் தண்ணீர் ஏறக்குறைய வாய்வரை வந்துவிட்டது. நாடாவை விட்டதும் விடாததுமாகக் கத்துகிறது. மண் நகர்வதைச் சொல்லும் குழாயிலும் லேசாக ஒரு வளைவு. நான் காத்துக் கிடந்த வளைவு அது, நாலு வருஷமாக. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு குழாயை மூடினேன்.

அக்கா வீட்டு அடுப்படியில் சுவரோரமாக ஒரு விரிசல். சிவனு அண்ணன் சிமெண்ட் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். பழைய வீடு, எல்லா மழைக்கும் இப்படித்தான் என்றார்.

நான் சொன்னேன்: "அண்ணே, இந்த மாசம் மட்டும் கோத்தகிரில உங்க தங்கச்சி வீட்டுல போய் இருந்துட்டு வாங்களேன்."

"ஏன் டீச்சரம்மா, கோட்டுக்கு வந்துரும்ங்கிறீங்களா?"

"இல்ல... கோட்டுக்கு வராது. சும்மா ஒரு எச்சரிக்கைக்கு."

"கோட்டுக்கு வரலேன்னா அப்புறம் என்ன?" பூசு கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க கணக்குப் போட்டு வெச்சிருக்கீங்க. அதுக்கு முந்தி நாங்க ஓடுனா ஊரே சிரிக்காது? இவ வேற கலெக்டரு!"

அக்கா, "நீங்க வெசனப்படாதீங்க. நான் மணிக்கொருக்கா போய்ப் பாக்கறேன்" என்றார்.

வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து பஸ்காரன் ஹாரன் அடித்தான், அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பஞ்சாயத்து ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, யார் இருப்பார்கள்.

நவம்பர் 17, திங்கள்

சாருடன் கட்டுரை வேலை. நாள் முழுக்க. மலையில் கனமழை என்று டிவியில் சொன்னார்கள். அக்காவுக்கு நானே போன் செய்தேன். "ஊத்துது டீச்சரம்மா. ஆனா அறுவதுதான்." ஜாக்கிரதை என்றேன். பஞ்சாயத்து நம்பருக்கு இன்றும் பேசவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஏழரைக்கு வரவேண்டிய போன் வரவில்லை.

எட்டரைக்கு நான் அடித்தேன், எடுக்கவில்லை. ஒன்பதுக்கு வி.ஏ.ஓ.வுக்கு அடித்தேன், எடுத்தார். அங்காயி வீடும் பக்கத்தில் பூட்டியிருந்த வீடும் போய்விட்டன. சிவனு அண்ணன் வீட்டுக்குள் படுத்திருந்தார்.

அக்கா வெளியே நின்றிருந்ததால் பிழைத்தார். மழைமானியைப் பார்க்கப் போயிருந்தார்.

நவம்பர் 19, புதன்

நேற்று மத்தியானம்தான் சிவனு அண்ணனை மண்ணிலிருந்து எடுத்தார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஈரோட்டிலிருந்து மகள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அக்கா காலடியில் உட்கார்ந்து அழுதேன். எல்லோருக்கும் முன்னால் அப்படி அழுதது எனக்கே அருவருப்பாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

அக்கா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாப்பதுதான் டீச்சரம்மா. கோட்டுக்கு இன்னும் நாலு விரக்கடை இருந்திச்சு. நல்லாப் பாத்தேன். அவரு வேலை முடிஞ்சு வந்து அப்பதான் படுத்தாரு, எழுப்ப வேணாம்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கறேன், வீடு இல்ல."

நவம்பர் 21, வெள்ளி

நஞ்சுண்டன் சார் என்னை உட்காரவைத்துத் தானே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். "மனசத் தேத்திக்கம்மா" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்றேன்னு தப்பா நெனக்காத. கருவி வெச்ச சரிவுல, அது சரியற வரைக்கும் அளவெடுத்திருக்க. இது யாருக்கும் லேசுல கிடைக்காது. நூத்தி நாப்பதுலயே போயிருச்சேன்னு கேப்பாங்க. முந்தின பத்து நாள் மழையில மண்ணு ஊறியிருந்துதுன்னு எழுதலாம். நியாயமான காரணம்தான்."

"ஆமா சார்."

"வேற ஏதாவது காரணம் உண்டாம்மா? அங்க நீதான் போய்ப் பாத்தவ."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை சார் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாறை மேலிருந்த மழைமானியை எடுத்து வந்து இங்கே கொடிமர மேடையில் கட்டியிருக்கிறார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, மறைக்காம ஒண்ணு சொல்லணும். நான் பாத்தது தப்பா இருக்குமோ? மழையில கண்ணு மறைச்சு, கோட்டுக்கு மேல இருந்தத நான்தான் கீழன்னு பாத்துட்டேனோ? எனக்குக் கண்ணு சரியில்லன்னு அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. ஊசி கோக்க முடியாது எனக்கு. நீங்க போட்ட கணக்கு தப்பாகுமா? நான்தான் அவரக் கொன்னுட்டேன் போல. படுத்தா இதே நெனப்புதான்."

நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள் அக்கா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக வெளியே வந்திருக்கும்.

"மழையில சரியாத் தெரிஞ்சிருக்காதுக்கா" என்றேன். "யாரா இருந்தாலும் அப்படித்தான். உங்க மேல தப்பில்ல."

அக்கா தலையை ஆட்டினார். ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். அதற்கப்புறம் எனக்காகச் சாயத்தண்ணி வாங்கி வரப் போனார். நான் அதைக் குடித்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஃபெல்லோஷிப் நீட்டிப்பு ஆணை வந்தது. அம்மா உடன்குடியில் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாளாம்.

டிசம்பர் 4, வியாழன்

இனி அந்தச் சரிவில் அளக்க எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு குழாயும் மண்ணோடு போய்விட்டன. கொடிமர மேடை மழை எந்தக் கணக்கிலும் சேராது. அங்கிருந்தும் தினமும் அளவு சொல்லும் அக்காவிடம் இனிமேல் போன் செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை போன். குரலில் பழைய தெம்பு கொஞ்சம் இருந்தது.

"டீச்சரம்மா, நேத்து ஸ்கூல்ல கண்ணு கேம்ப் போட்டாங்க. போயிட்டு வந்தேன். கிட்டத்துல பாக்கத்தான் கோளாறாம், ஊசி கோக்க, அரிசியில கல்லு பொறுக்க. அதுக்கு ஒரு கண்ணாடி தர்றாங்க. நான் டாக்டர்கிட்ட அந்த மழக் குழாயவே எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். தண்ணி ஊத்தி, அன்னிக்கு நின்ன மாதிரியே நின்னு பாக்கச் சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் கரெக்டாச் சொன்னேன். இந்தக் கண்ணுக்கு இது தப்பாத் தெரிய வழியே இல்லம்மான்னுட்டாரு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்ப நான் சரியாத்தானே பாத்திருக்கேன் டீச்சரம்மா?"

மெஸ்ஸில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். பெட்ஸி என்னைப் பார்த்து, யாரு என்று கையால் கேட்டாள்.

"டீச்சரம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்க்கா."

அக்கா அழவில்லை. கோபப்படவும் இல்லை. அந்தக் கேள்வியை அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

"இன்னிக்கு மழை இல்ல" என்றார். "சைபர். எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டேன் என்றேன்.